பிறர் அந்தரங்கமும் நம் பேரேடும்



வியாபாரம் என்பது சரக்கைக் கொடுத்துக் காசை வாங்குவதோடு முடிந்துவிடும் காரியம் அன்று. கடைக்கு வருகிறவர் தம்மைப் பற்றிய சில செய்திகளையும் நம்மிடம் விட்டுவிட்டுப் போகிறார். யாருக்கு என்ன வாங்கினார், எவ்வளவு கடன் சொன்னார், எந்த ஊருக்குப் பணம் மாற்றினார், எந்த நேரத்தில் யாருடன் வந்து உணவருந்தினார் என்பதெல்லாம் நம் சிட்டையிலும் பேரேட்டிலும், இக்காலத்தில் நம் கணினியிலும் காமிராவிலும் தங்கிவிடுகின்றன. இவை நமக்குச் சொந்தமான சரக்கா, அல்லது பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் கடை திறப்பவர் என்றாவது ஒரு நாள் பெரும் பழியைச் சுமக்க நேரிடும்.

இந்த விஷயத்தை ஆராய்வதற்கு 2015ஆம் ஆண்டில் கனடா நாட்டில் தொடங்கி உலகமெங்கும் பரவிய ஒரு சம்பவத்தைப் பாடமாக எடுத்துக்கொள்வோம். அது இழிவான ஒரு வியாபாரத்தைப் பற்றியது. இழிவான இடத்திலிருந்தும் நல்ல பாடம் கிடைக்கக்கூடும் என்பதால், வாசகர்கள் முகம் சுளிக்காமல் இறுதிவரை படிக்க வேண்டுகிறோம்.

நடந்தது என்ன?

கனடாவின் டொரொண்டோ நகரில் 2001ஆம் ஆண்டில் ஆஷ்லி மாடிசன் என்ற பெயரில் ஓர் இணையதளம் தொடங்கப்பட்டது. மணமானவர்கள் தம் துணைக்குத் தெரியாமல் வேறொருவருடன் தொடர்பு தேடிக்கொள்ள வழி செய்வதே அதன் தொழில். அதை ஒளித்து மறைத்துச் செய்யாமல் விளம்பரம் போட்டே செய்தார்கள். ஏவிட் லைஃப் மீடியா என்ற கம்பெனி அதன் உரிமையாளராக இருந்தது. அந்தத் தளம் சிங்கப்பூருக்கும் வரப் பார்த்தபோது, 2013 நவம்பரில் அங்குள்ள ஊடக மேம்பாட்டு ஆணையம் அதைத் தடை செய்தது. நம்மில் பலர் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டது அப்போதுதான்.

2015 ஜூலை மாதத்தில், தங்களை 'இம்பாக்ட் டீம்' என்று அழைத்துக்கொண்ட ஒரு மறைமுகக் கூட்டத்தார் அந்தக் கம்பெனியின் கணினிகளுக்குள் புகுந்து, உறுப்பினர்களின் விவரங்களையெல்லாம் களவாடிவிட்டதாக அறிவித்தார்கள். அவர்கள் விதித்த நிபந்தனை யாதெனில், அந்தத் தளத்தையும் அதே கம்பெனி நடத்திய மற்றொரு தளத்தையும் உடனே மூடிவிட வேண்டும். இல்லையேல் உறுப்பினர் பட்டியல் முழுவதும் உலகத்தின் முன் கொட்டப்படும் என்பதாகும். கம்பெனி மூடவில்லை. ஆகஸ்ட் 18ஆம் தேதியன்று அவர்கள் சொன்னபடியே செய்தார்கள். ஏறக்குறைய 3 கோடியே 60 லட்சம் கணக்குகளின் விவரங்கள் வெளியாயின. மின்னஞ்சல் முகவரிகள், அவர்களே தங்களைப் பற்றி எழுதிக்கொடுத்த அந்தரங்க விருப்பங்கள், பணம் கட்டியவர்கள் சிலருடைய பெயர், வீட்டு விலாசம், கடன் அட்டையின் கடைசி நான்கு எண்கள் ஆகியவை அதில் இருந்தன. இரண்டு நாள் கழித்துக் கம்பெனித் தலைவருடைய கடிதங்களும் வெளியிடப்பட்டன. அந்த மாதம் 28ஆம் தேதி அவர் பதவியை விட்டு விலகினார். திருடியவர்களைக் காட்டிக்கொடுப்பவருக்கு 5 லட்சம் கனடிய டாலர் சன்மானம் என்று கம்பெனி அறிவித்தும், அவர்கள் இன்னார் என்பது வெளிப்படையாக நிரூபிக்கப்படவில்லை.

கேட்டவர்களில் பலர் சிரித்தார்கள். "நன்றாக வேண்டும், செய்த வினைக்குக் கூலி" என்றார்கள். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கட்டிய மனைவியை ஏமாற்றப் போனவனுடைய பெயர் சந்தியில் கிடந்தால் நமக்கென்ன என்று எண்ணினோம். ஆனால் கணக்கைச் சரியாகப் பார்க்கும் பழக்கமுள்ள வியாபாரிகளாகிய நாம் ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பேரேட்டை மூடலாகாது. மறுபக்கத்தையும் புரட்டிப் பார்ப்போம்.

முதல் குற்றவாளி கம்பெனியே

துரோகத்தை விலைக்கு விற்றது முதல் குற்றம். அதைத் தவிர, தான் விற்ற அந்தச் சரக்கிலும் கலப்படம் செய்தது அந்தக் கம்பெனி. மனம் மாறி விலக விரும்பியவர்களிடம், 19 டாலர் கட்டினால் உங்கள் விவரம் அனைத்தையும் அடியோடு அழித்துவிடுகிறோம் என்று சொல்லிப் பணம் வாங்கியது. வாங்கிய பிறகும் விவரங்களைப் பன்னிரண்டு மாதம் வரை வைத்திருந்தது. சிலருடைய புகைப்படங்கள் அந்தத் தவணை கடந்தும் அழிக்கப்படாமல் கிடந்தன. கனடாவும் ஆஸ்திரேலியாவும் தத்தம் அந்தரங்கப் பாதுகாப்பு ஆணையர்களைக் கொண்டு கூட்டாக நடத்திய விசாரணையின் அறிக்கை 2016 ஆகஸ்டில் வெளிவந்தபோது இவை தெரிய வந்தன. அந்தத் தளத்தின் முகப்பில், 'நம்பிக்கையான பாதுகாப்புக்குப் பரிசு பெற்றது' என்று பொருள்படும் ஒரு முத்திரை இருந்ததல்லவா? அப்படியொரு பரிசை எவரும் கொடுக்கவில்லை. கம்பெனியே செய்துகொண்ட முத்திரை அது. நமது பாஷையில் சொன்னால், தராசில் தானே முத்திரை குத்திக்கொண்டவன் கதை.

இன்னும் ஒன்று. அங்கே பெண்கள் என்று காட்டப்பட்ட கணக்குகளில் பல, ஆண்களைப் பணம் கட்டவைப்பதற்காகக் கம்பெனி உண்டாக்கிய பொய்க் கணக்குகள் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2016 டிசம்பரில் சுமார் 16 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கில், 2017 ஜூலையில் 1 கோடியே 12 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். தண்டம் கட்டியாயிற்று, ஆனால் வெளியே போன பெயர்கள் திரும்பி வரவில்லை.

திருடியவர்கள் சொன்ன நியாயம்

சரி, கம்பெனி அயோக்கியத்தனம் செய்தது. அப்படியானால் அதை அம்பலப்படுத்தியவர்கள் நல்ல காரியம்தானே செய்தார்கள் என்று கேட்கலாம். அவர்கள் சொன்ன நியாயமும் இதுவே. கம்பெனி ஏமாற்றுகிறது, உறுப்பினர்களோ மனைவிமாரை ஏமாற்றுகிறார்கள்; ஆகவே இருவருக்கும் இரக்கம் காட்ட வேண்டியதில்லை என்றார்கள். இந்த நியாயம் நிற்குமா என்று நான்கு வழியில் உரசிப் பார்ப்போம்.

முதலாவது: பட்டியல் சாட்சியாகாது. அந்தத் தளத்தில் ஒருவர் கணக்குத் திறக்கும்போது கொடுத்த மின்னஞ்சல் முகவரி அவருடையதுதானா என்று கம்பெனி சோதிக்கவில்லை. எவரும் எவருடைய முகவரியையும் எழுதிவிட்டுப் போகலாம். விசாரணை அறிக்கை இதையும் ஒரு பெருங்குறையாகவே எடுத்துக் காட்டியது. உங்கள் பெயரைச் சொல்லி வேறொருவன் பக்கத்துக் கடையில் கடன் வாங்கியிருந்தால், அந்தக் கடைக்காரர் உங்கள் பெயரைப் பலகையில் எழுதி வாசலில் தொங்கவிடலாமா? மேலும், உண்மையாகவே கணக்குத் திறந்தவர்களிலும் வேடிக்கை பார்க்க வந்து திரும்பியவர் உண்டு, மணமாகாதவர் உண்டு, பல ஆண்டுகளுக்கு முன் தவறி, பின் வருந்தி, மனைவியிடம் சொல்லி மன்னிப்புப் பெற்றுக் குடும்பத்தைத் திருத்திக்கொண்டவரும் இருக்கக்கூடும். பட்டியலுக்கு இவர்களுக்குள் வேறுபாடு தெரியாது. எல்லாரும் ஒரே வரிசை.

இரண்டாவது: தண்டனை யார் தலையில் விழுந்தது? கணவனுடைய குற்றம் வெளியானதும் முதலில் தலைகுனிந்தவள் மனைவி. பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளானது பிள்ளை. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்கு ஒரு பெண்மணி தொலைபேசியில் வந்து, தம் கணவர் மீது ஐயம் இருப்பதாகச் சொன்னார். அறிவிப்பாளர்கள் அவர் கணவருடைய விவரத்தைப் பட்டியலில் தேடி, ஒலிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே 'இருக்கிறது' என்று சொல்லிவிட்டார்கள். ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண்மணி பேச்சை முறித்துக்கொண்டு தொலைபேசியை வைத்துவிட்டார். ஏமாற்றப்பட்டவளுக்கு நியாயம் வழங்குவதாகச் சொன்ன காரியம், அவளை நடுத்தெருவில் நிறுத்தியது. இதுவா நியாயம்?

மூன்றாவது: குற்றத்துக்கும் தண்டனைக்கும் அளவு உண்டு. அமெரிக்காவில் ஒருவர், பட்டியல் வெளியான ஆறு நாட்களுக்குள் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அவருடைய மனைவி பின்னர் பகிரங்கமாகப் பேசியபோது, நாங்கள் மன்னித்திருப்போமே என்ற கருத்தைத்தான் சொன்னார். மன்னிக்க உரிமை உள்ளவள் மன்னிக்கத் தயாராக இருந்தாள். மன்னிக்கவோ தண்டிக்கவோ எந்த உரிமையும் இல்லாத அந்நியர்கள் இடையில் புகுந்து அந்த வாய்ப்பையே பறித்துவிட்டார்கள். மணத்துரோகத்திற்கு மரண தண்டனை விதிக்கும் சட்டமுள்ள நாடுகளைச் சேர்ந்த முகவரிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

நான்காவது: களவுப் பொருள் ஒரு கையோடு நிற்காது. ஒழுக்கத்தைக் காப்பதற்காக என்று சொல்லிக் கொட்டிய பட்டியலைப் பொறுக்கிக்கொண்டவர்கள் மிரட்டல்காரர்கள். "பணம் அனுப்பு, இல்லாவிட்டால் உன் மனைவிக்கும் முதலாளிக்கும் சொல்லிவிடுவோம்" என்ற கடிதங்கள் பறந்தன. டொரொண்டோ போலீசார் அந்த ஆகஸ்ட் மாதத்திலேயே இதைக் குறித்துப் பொதுமக்களை எச்சரித்தார்கள். ஐந்தாண்டுகள் கழித்து, 2020ஆம் ஆண்டிலும் அதே பட்டியலைக் கொண்டு புதிய மிரட்டல்கள் கிளம்பின. ஆக, அந்தக் கூட்டத்தார் ஒரு தீய கடையை மூடப்போய், பல தீய கடைகளுக்கு முதல் போட்டுக் கொடுத்தார்கள். மூட நினைத்த அந்தக் கடையோ மூடப்படவும் இல்லை. கம்பெனி தன் பெயரை மாற்றிக்கொண்டு தொழிலைத் தொடர்ந்து நடத்தியது.

இனி ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கம்பெனி பணம் வாங்கிக்கொண்டு விவரத்தை அழிக்கவில்லை என்பது பொதுக் குற்றம். கொடுக்கல் வாங்கலில் நடந்த மோசடி. அதை வெளியிடுவது குற்றமன்று. கடமை என்றே சொல்லலாம். ஆனால் அந்த மோசடியை நிரூபிப்பதற்கு 3 கோடியே 60 லட்சம் கணக்குகளைச் சந்தியில் கொட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆதாரத்தை அரசாங்க ஆணையத்திடமோ பொறுப்புள்ள பத்திரிகையிடமோ கொடுத்திருந்தால் போதும். கலப்பட எண்ணெய் விற்கிற கடையைக் காட்டிக்கொடுப்பது வேறு. அந்தக் கடையில் எண்ணெய் வாங்கியவர்களின் வீட்டுக்கெல்லாம் தீ வைப்பது வேறு.

மனைவிக்கு அறிய உரிமை இல்லையா?

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. அதை மழுப்பிவிட்டுப் போக நமக்கு மனமில்லை. "ஆண்கள் எல்லாரும் சேர்ந்து ஆண்களின் குற்றத்தை மறைக்கப் பார்க்கிறீர்கள், ஏமாற்றப்படுகிற பெண்ணுக்கு உண்மை தெரிய வேண்டாமா?" என்று நம் சகோதரிகள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

நம் பதில் இதுதான். மனைவிக்கு உண்மை அறிய உரிமை உண்டு. அவளுடைய உடல் நலம், குடும்பத்துச் சொத்து, பிள்ளைகளின் எதிர்காலம் எல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன. கணவன் அவளுக்குச் செய்த துரோகத்தை 'அந்தரங்கம்' என்ற போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு, அவளிடமே 'உனக்கென்ன கேள்வி' என்று மிரட்டுவானேயானால், அவன் இரட்டைக் குற்றவாளி. ஆனால் அவளுடைய உரிமை வேறு, ஊருடைய உரிமை வேறு. அவளுக்குச் சேர வேண்டிய உண்மையை முதலில் சொல்ல வேண்டியவன் அவனே. அவன் சொல்லாதபோது, நேரில் கண்டறிந்த நெருங்கிய உறவினரோ குடும்பப் பெரியவரோ அவளிடம் தனியே, அவள் மானம் கெடாதபடி சொல்லலாம். அவள் விரும்பினால் நீதிமன்றத்திலோ மார்க்க நீதிபதியிடமோ நியாயம் கேட்கலாம். இவையெல்லாம் அவள் கையில் முடிவைக் கொடுக்கும் வழிகள். பட்டியலைக் கொட்டியதோ, முடிவை அவள் கையிலிருந்து பிடுங்கி வேடிக்கை பார்க்கிறவர்கள் கையில் கொடுத்தது.

மேடையேறிக் குடும்ப ஒழுக்கம் பேசிய பிரமுகர்களும் அந்தப் பட்டியலில் சிக்கினார்கள். ஊருக்கு உபதேசம் செய்தவரிடம் ஊர் கேள்வி கேட்பது இயல்பே. ஆனால் அப்படிப்பட்ட சிலருக்காகக் கோடிக்கணக்கான சாதாரண ஜனங்களின் கதவைப் பெயர்ப்பது நீதி ஆகாது.

நம் மார்க்கம் மணத்துரோகத்தைப் பெரும் பாவம் என்கிறது, அதில் ஐயமில்லை. அதே மார்க்கம் அந்தக் குற்றத்தைச் சுமத்துவதற்கு நான்கு நேர்ச் சாட்சிகளைக் கேட்கிறது என்பதையும், சாட்சியில்லாமல் கற்புள்ளவர்மீது பழி சுமத்தியவனுக்குத் தண்டனை விதிக்கிறது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. பிறர் குறையைத் துருவித் தேடுவதையும் புறம் பேசுவதையும் நம் முன்னோர்கள் எவ்வளவு அஞ்சினார்கள்! பாவத்தை வெறுப்பது ஒன்று. பாவியின் வீட்டுக் கூரையைப் பிரித்துப் பார்ப்பது மற்றொன்று. முன்னதைச் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பின்னதைச் செய்வதே இக்காலத்து நோய்.

குற்றமே செய்யாதவர்களும் இந்த நோய்க்குப் பலியாவார்கள். 2019 ஜனவரியில் சிங்கப்பூரில் எச்ஐவி கிருமி உள்ளவர்கள் 14,200 பேருடைய விவரம் களவாக வெளியிடப்பட்டதாக சுகாதார அமைச்சு அறிவித்தது. அவர்கள் நோயாளிகள், நோய் குற்றமாகுமா? 'அடுத்தவன் ரகசியம்தானே' என்று நாம் ஒரு பட்டியலைச் சுவைத்துப் பார்க்கப் பழகிவிட்டால், மறுநாள் இப்படியொரு பட்டியல் வரும்போதும் கை தானாகவே அதைத் திறக்கும்.

நம் கடைக்கு வருவோம்

கனடாவில் நடந்ததற்கும் நம் கடைத்தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ண வேண்டாம். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். நம்மவர் ஒருவருடைய நகைக்கடைக்கு ஒரு பெண்மணி கொலுசு வாங்க வருகிறார். கடைப் பையன் அவரை அடையாளம் கண்டு, அன்பாகப் பேசுவதாக எண்ணிக்கொண்டு, "வாங்க அக்கா. போன மாசம் அண்ணன் வாங்கிட்டுப் போன சங்கிலி அளவு சரியா இருந்துச்சா?" என்று கேட்கிறான்.

"எந்தச் சங்கிலி தம்பி?"

பையனுக்கு வாய் அடைத்துவிடுகிறது. முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வருகிறார். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். அந்த அம்மாள் கொலுசு வாங்கவில்லை, வீட்டுக்குப் போய்விடுகிறார். அன்றிரவு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அந்தச் சங்கிலி, ஊரில் விதவையாக இருக்கிற தம் சகோதரியின் மகள் கல்யாணத்துக்காக அந்த மனிதர் தவணையில் வாங்கியது. பழைய குடும்பச் சச்சரவு ஒன்றை நினைத்து வீட்டில் சொல்லாமல் இருந்தார். சொல்லாதது அவர் தவறாகவே இருக்கட்டும். அந்தத் தவறைத் திருத்தும் வேலையைக் கடைப் பையனிடம் யார் கொடுத்தார்கள்? சரி, அந்தச் சங்கிலி உண்மையிலேயே தகாத இடத்துக்குப் போயிருந்தால்? அப்போதும் பையனுக்குத் தெரிந்தது 'சங்கிலி விற்றோம்' என்பது மட்டுந்தானே! விற்பனைச் சீட்டு ஒருவர் மனத்தைக் காட்டாது.

இதைப் பெரிதாக்கிப் பாருங்கள். உணவுக்கடை வைத்திருக்கிற நம்மவர்களின் சுவரில் காமிரா இருக்கிறது. திருட்டைத் தடுக்க வைத்த காமிரா அது. ஒரு மேசையில் இன்னாரும் இன்னாரும் அமர்ந்திருந்ததைக் கடை ஊழியர் வெட்டியெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், நள்ளிரவுக்குள் அது ஊர் முழுவதும் சுற்றிவிடும். டொரொண்டோவில் பெரிதாக நடந்தது நம் கடையில் சிறிதாக நடந்துவிட்டது. வேறுபாடு எண்ணிக்கையில் மட்டுந்தான். பணமாற்று வியாபாரிகளோ சட்டப்படியே வாடிக்கையாளருடைய அடையாள விவரத்தை வாங்கி வைக்க வேண்டியவர்கள். ஆகவே அவர்களுடைய பொறுப்பு இன்னும் கனமானது.

சட்டமும் இப்போது சும்மா இருக்கவில்லை. மலேசியாவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2024இல் அது திருத்தப்பட்டது; அதன்படி 2025 ஜூன் முதல், தகவல் கசிவு ஏற்பட்டால் ஆணையரிடம் அறிவிக்க வேண்டிய கடமை வியாபாரிகள் மீது விழுந்திருக்கிறது. சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு விதிகள் 2014 ஜூலையில் அமலுக்கு வந்தன. பெரிய கசிவுகளை அறிவிப்பது 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். 2019 செப்டம்பர் முதல், சட்டம் கேட்காத இடங்களில் வாடிக்கையாளருடைய அடையாள அட்டை எண்ணைக் கண்டபடி வாங்கி வைப்பதும் அங்கே கூடாது. அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டில் அந்த எண்ணை எழுதச் சொல்லிய காலம் போய்விட்டது.

ஆயினும் சட்டத்துக்குப் பயந்து செய்வது வேறு, நாணயத்துக்காகச் செய்வது வேறு. வியாபாரிகளாகிய நாம் கடைப்பிடிக்க வேண்டியவற்றை ஆறு வகையாகச் சொல்லலாம்.

1. தேவைக்கு மேல் கேட்காதீர்கள். சேலை விற்பதற்கு வாங்குகிறவரின் பிறந்த தேதி எதற்கு? நம்மிடம் இல்லாததை எவனும் திருட முடியாது.

2. தேவை முடிந்ததும் அழியுங்கள். அழித்துவிட்டோம் என்று வாயால் சொன்னால் கையாலும் அழியுங்கள். 19 டாலர் வாங்கிக்கொண்டு அழிக்காமல் வைத்திருந்தவர்கள் அடைந்த அவமானத்தை நினைவில் வையுங்கள்.

3. கல்லாப்பெட்டிச் சாவியை எல்லாப் பையன்களிடமும் கொடுப்பதில்லை. வாடிக்கையாளர் விவரமும் அப்படியே. எவருக்கு வேலை நிமித்தம் தேவையோ அவருக்கு மட்டும் கணினியைத் திறந்துவிடுங்கள். வேலையை விட்டுப் போனவருடைய கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றுங்கள்.

4. கடை ஊழியர்களுக்கு வாய்க் கட்டுப்பாட்டைக் கற்றுக்கொடுங்கள். வாடிக்கையாளர் முன்பு என்ன வாங்கினார் என்பதை அவரிடமன்றி வேறெவரிடமும், அவர் மனைவி மக்களிடமும்கூட, பேசக்கூடாது. காமிராவில் பதிந்ததைப் போலீசார் முறைப்படி கேட்டால் கொடுங்கள். வேறு எவர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

5. களவாகக் கசிந்த பட்டியலோ படமோ உங்களிடம் வந்தால் திறந்து பார்க்காதீர்கள்; மற்றவருக்கு அனுப்பாதீர்கள். திருட்டுச் சரக்கு என்று தெரிந்தும் வாங்குகிற வியாபாரியை நாம் எப்படி அழைப்போமோ, அந்தப் பெயர்தான் இதற்கும் பொருந்தும்.

6. மிரட்டல் கடிதம் வந்தால் பணம் கொடுக்காதீர்கள். ஒரு தடவை கொடுத்தால் மறு தடவையும் கேட்பான். கடிதத்தை அழிக்காமல் வைத்துக்கொண்டு போலீசில் புகார் செய்யுங்கள். மடியில் கனம் இருக்கிறதென்றால், முன்பின் தெரியாத ஒருவன் உங்கள் மனைவியிடம் சொல்லும் முன் நீங்களே சொல்லிவிடுவது மேல். அந்த ஓர் இரவு கடினமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு மிரட்டுகிறவன் கையில் ஒன்றும் மிஞ்சாது.

சிந்தனைக்குச் சில கேள்விகள்

சங்கத்தின் வகுப்புகளிலும் குடும்பத்திலும் இக்கட்டுரையைப் படிப்பவர்கள் பின்வரும் கேள்விகளை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளலாம்.

ஒருவர் குற்றவாளி என்பது நமக்குத் தெரிந்திருந்தாலும், அவரைத் தண்டிக்கும் உரிமை நமக்கு எப்போது வருகிறது? எப்போது வருவதில்லை?

பொதுக் குற்றத்தை வெளியிடுவதற்கும் தனி மனிதனின் அந்தரங்கத்தை வெளியிடுவதற்கும் உள்ள எல்லையை எங்கே போடுவது?

நம் கடையில் இன்று இருக்கிற விவரங்களில், நாளை அழித்துவிட்டாலும் வியாபாரத்துக்குக் குறைவு வராதவை எவை?

முடிவாக ஒரு சொல். பழைய காலத்து வட்டிக்கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் கணக்கப்பிள்ளை பேரேட்டைப் பிறர் கண்ணில் படாதபடி சாய்த்து வைத்துக்கொண்டு எழுதுவார். எட்டிப் பார்ப்பவன் யாராக இருந்தாலும் கையால் மூடிவிடுவார். அவர் எந்தச் சட்டத்தையும் படித்தவர் அல்லர். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு குடும்பத்தின் மானம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கை இன்றைக்கு நம் கணினியின் மீதும் இருக்கட்டும்.